பிரைமருக்கு ஏற்ற வெயில்

பிளாஸ்டிக் மொடல் காரின் பொடி, அதாவது உடற்கூடு, பெரும்பாலும் பொலிஸ்டைரீனால் ஆனது. எதையும் உறிஞ்சாத வழவழப்பான பிளாஸ்டிக் அது. அதன்மேல் நேராக அடித்த நிறம் விளிம்புகளில் விலகி நிற்கும். நகம் பட்டால் தோலாக உரியும். நிறத்துக்குப் பிடிமானம் கொடுக்க முதலில் விழும் மெல்லிய படலமே பிரைமர். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பளபளக்கும் பிளாஸ்டிக், பள்ளம் நிரப்பிய வெளிறிய பட்டி, பசைத் தழும்பு எல்லாவற்றையும் ஒரே மங்கல் சாம்பலாக்கி, கண்ணுக்குத் தப்பிய பிழைகளை அது வெளியே இழுத்துவிடும். புதிதாகக் கட்டத் தொடங்கியவர் தன் பிழைகளை முதன்முதலாகப் பார்ப்பது பிரைமர் அடித்த அன்றுதான். அதனால் பழியும் பிரைமரின் தலையில் விழுகிறது. கண்டியில் அந்தப் பழியில் பாதியை வானிலையும் ஏற்க வேண்டும்.

படலம் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதை அளவு தெரிந்தால்தான் உணரலாம். உண்மையான மொரிஸ் மைனர் 1000 ஏறத்தாழ 3.76 மீற்றர் நீளம். 1/32 அளவில் அது 11.7 சென்ரிமீற்றர்; உள்ளங்கையில் அடங்கிவிடும். நிஜக் காரின் கதவு இடைவெளி 4 மில்லிமீற்றர் என்று வைத்தால், மொடலில் அது ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு. மொடலின் மேல் பத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் பெயின்ட் ஏறினால், நிஜக் காரின் மேல் 3 மில்லிமீற்றருக்கும் அதிகமான தார் பூசியதற்குச் சமம். கதவுக்கோடு மறையும், முன்கிரில்லின் பற்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், கைப்பிடி மொட்டையாகும். வாசற்கதவுக்கு நன்றாக இருக்கும் பூச்சு மொடலுக்கு ஏன் உதவாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

கண்டியில் இந்தக் கலையைப் பழகியவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. பெட்டி வரும், பெயின்ட் வராது. எரியக்கூடிய வாயு அடைத்த ஸ்பிரே டின்னையும் தீப்பற்றும் பசையையும் விமானத் தபாலில் அனுப்ப முடியாது. கனடாவில் இருந்தோ வளைகுடாவில் இருந்தோ வரும் உறவினர் ஏர்ஃபிக்ஸ், டமியா போன்ற மொடல் கொம்பனிகளின் பெட்டியொன்றைப் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார். மொடல் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்ட பெயின்ட் எண்களுக்கு உரிய டின்கள் அங்கேயே தங்கிவிடும். ஆகவே மொடல் கட்டுபவரின் பெயின்ட் கடை என்பது ஊரின் ஹாட்வெயார் கடைதான். அவருடைய ஆசிரியர், கார்களுக்கு டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடிக்கும் கராஜ் பாஸ். இலங்கையில் கைத்தொழில் தெரிந்த எவரையும் பாஸ் என்றே அழைப்பது வழக்கம்; இந்தப் பாஸ்களிடம் இருந்த அறிவு எந்தப் பெட்டியின் கையேட்டிலும் இல்லை.

அப்படி மொடல் கட்டிய மேசைகளில் நினைவிலிருக்கும் ஒன்று கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில், மகாவலி ஆற்றுப் பக்கம் பார்த்த ஒரு வீட்டின் பின்விறாந்தையில் கிடந்தது. காலம் 1990களின் கடைசி. மேசைக்குச் சொந்தக்காரன் பதினைந்து வயதுப் பையன். மேசைமேல் ஏர்ஃபிக்ஸ் 1960களில் 1/32 அளவில் வெளியிட்ட மொரிஸ் மைனர். யாரோ வாங்கிக் கட்டாமல் விட்டு, மூலை மடிந்த பெட்டியோடு கைமாறி வந்தது. தெருவில் அதே கார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டும்போது சந்தேகம் வந்தால் வாசலுக்குப் போய் நின்றால் போதும், பத்து நிமிடத்தில் ஒன்று வரும். மொடல்காரர்களுக்கு இப்படிப்பட்ட வசதி உலகில் அதிக ஊர்களில் கிடைக்காது.

அந்த மேசையில் நடந்த பிழைகள் எல்லாம் எல்லா ஊர்த் தொடக்கக்காரரும் செய்பவைதாம். முதலாவது, உதிரிகளை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிரிக்கும் விதம். அவற்றை விரலால் முறுக்கிப் பிய்த்தால் காம்பு இருந்த இடத்தில் பொடியின் தசையும் சேர்ந்து பிய்ந்து ஒரு பள்ளம் விழும். கூரிய வெட்டுக்குறடால் இரண்டு முறை வெட்டுவதே சரி: முதலில் சற்றுத் தள்ளி, பிறகு ஒட்டி. குறடு இல்லாத காலத்தில் நகவெட்டி அந்த வேலையைச் செய்தது; அதன் வளைந்த வாயின் முதுகை உதிரியின் பக்கம் காட்டிப் பிடித்தால் போதும். மிஞ்சும் மொட்டை 400ஆம் எண் வோட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், பிறகு 600, பிறகு 1000. உலர்வாகத் தேய்த்தால் பிளாஸ்டிக் தூள் தாளில் அடைத்துக்கொண்டு கீறல் போடும்.

ஏற்கெனவே பிய்ந்த பள்ளத்துக்கு மருந்து அந்தச் சட்டமே. தேவைப்படாத சட்டத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மொடல் பசையில் ஓரிரவு ஊறவிட்டால் தேன் பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். பள்ளத்தில் அதை வைத்துக் காய்ந்தபின் தேய்த்தால், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் இதுவும் ஒரே பொருள் என்பதால் ஒரே கடினத்தில் தேயும். பொறுமை வேண்டும், கரைப்பான் முழுவதும் வெளியேற இரண்டு மூன்று நாளாகும். அவசரக்காரருக்கு சுப்பர் குளூவும் குழந்தைப் பவுடரும் உண்டு. இரண்டையும் குழைத்து அப்பினால் சில நிமிடத்தில் இறுகும். ஆனால் அன்றே தேய்த்துவிட வேண்டும். நாள் கடந்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிட அது கடினமாகி, தேய்க்கத் தேய்க்க மேடு அப்படியே நிற்கப் பக்கத்தில் குழி விழும். கராஜில் கட்டலொய் என்று சொல்லும் இரு பகுதிப் பட்டியும் வேலை செய்யும், மிக மெல்லியதாக வைத்தால் மட்டும். அது தகரத்துக்குச் செய்த பொருள். அதிலுள்ள ஸ்டைரீன் கரைப்பான் மெல்லிய பிளாஸ்டிக்கை இளக்கக்கூடியது.

இரண்டாவது பிழை, அச்சுக்கோட்டைக் காணாமல் விடுவது. பொடியை வார்க்கும் அச்சு பல துண்டுகளாகப் பிரிந்து திறக்கும். துண்டுகள் சந்தித்த இடமெல்லாம் மயிர்க்கோடாக ஒரு மேடு, மட்கார்டின் மேல் வழியாகவும் கூரையைத் தாங்கும் தூண்கள் வழியாகவும் ஓடும். வெறும் பிளாஸ்டிக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. பளபளக்கும் நிறம் ஏறியபின் பத்தடி தூரத்திலிருந்து தெரியும். கத்தி முனையின் முதுகால் சுரண்டி, பிறகு தேய்த்து எடுக்க வேண்டும். கதவுக்கோடுகளோ இதற்கு எதிர்மாறானவை. அவை ஆழம் குறைந்து இருந்தால் பிரைமருக்கு முன்பே தையல் ஊசியால் இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து ஆழப்படுத்த வேண்டும். பூச்சுக்குப் பின் இழுக்கப் போனால் ஊசி வழுக்கி மட்கார்டில் கையெழுத்துப் போட்டுவிடும்.

மூன்றாவது, கண்ணாடி. சுப்பர் குளூவால் ஒட்டிய முன்கண்ணாடி மறுநாள் காலை பனி படர்ந்ததுபோல் வெளுத்திருக்கும். இறுகும்போது எழும் பசையின் ஆவி, மூடிய பொடிக்குள் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியிலும் விரல் ரேகை பட்ட இடத்திலும் படிவதால் வருவது இது. வெளுப்பு மேலோட்டமானது, பற்பசையைப் பருத்தித் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் பெரும்பாலும் நீங்கும். நீங்காவிட்டால் 2000ஆம் எண் தாளில் தொடங்கிப் பற்பசையில் முடிக்கலாம். கண்ணாடிக்கு உகந்த பசை தச்சுவேலைக்கு விற்கும் வெள்ளைப் பசைதான். கெமிபிக்ஸ் என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். காய்ந்தால் தெளிந்துவிடும், பிழைத்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். கண்ணாடியை எப்படியும் பெயின்ட் வேலைக்குப் பிறகுதான் பொருத்த வேண்டும். மேசைக்காரப் பையன் முதலிலேயே ஒட்டினான், ஏனென்றால் கண்ணாடி போட்டால்தான் கார் காராகத் தெரிந்தது.

நான்காவது பிழை கண்ணுக்கே தெரியாதது. அச்சிலிருந்து பொடி எளிதாகக் கழல்வதற்காகத் தடவும் பொருளின் மிச்சமும், வாரக்கணக்கில் கையாண்ட விரல்களின் எண்ணெயும் பிளாஸ்டிக்கின் மேல் இருக்கும். அந்த இடங்களில் பிரைமர் மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகும். பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல்தூரிகையும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் இதற்குப் போதும். கொதிநீர் கூடாது, பொலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 பாகையில் இளகும் பொருள், மெல்லிய தூண்கள் அதற்கு முன்பே வளைந்துவிடும். கழுவியபின் பொடியை உள்பக்கத்தால் மட்டும் பிடிக்க வேண்டும். ஒரு போத்தலின் வாயில் டேப் சுற்றிப் பொடியை அதன்மேல் மாட்டிவிடுவது கராஜ் பாஸ்களே மெச்சிய உபாயம்.

இத்தனைக்கும் பிறகு பிரைமர். ஹாட்வெயார் கடையில் பிரைமர் என்று கேட்டால் குறைந்தது நான்கு பொருள்கள் வரும், நான்கும் வேறு வேறு. கடைக்காரர் கேட்கும் ஒரே கேள்வி, கட்டைக்கா இரும்புக்கா என்பது. பிளாஸ்டிக்குக்கு என்றால் அவர் ஒரு கணம் யோசிப்பார்.

இரும்புக்கு என்று வருவது ரெட் ஒக்சைட். ஒரு டிசம்பர் மாதம் மேசைக்காரப் பையன் எடுத்தது அதையே. வீட்டுக் கம்பிக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய டின் என்பதால் செலவும் இல்லை. தூரிகையால் பூசினான். எண்ணெய்ச் சார்புள்ள அந்தப் பூச்சு துருவைத் தடுக்கத் தடித்து நிற்கும்படி செய்யப்பட்டது. மழைக்காலக் கண்டியில் நான்கு நாளாகியும் விரல் ஒட்டியது. ஐந்தாம் நாள் அதன்மேல் ஸ்பிரே டின்னால் நிறம் அடித்தான். சில வினாடிகளில் மேற்பரப்பு முழுவதும் வயதான தோலைப் போலச் சுருங்கியது. லாக்கர் வகைப் பெயின்டின் உக்கிரமான கரைப்பான் கீழேயிருந்த எண்ணெய்ப் பூச்சை ஊதவைத்து எழுப்பியதன் விளைவு இது. லாக்கரின் மேல் எண்ணெய்ச் சார்புள்ள எனாமல் அடிக்கலாம், எனாமலின் மேல் லாக்கர் அடிக்கக்கூடாது என்ற விதி அன்று தெரியவந்தது. மாத்தளை வீதிக் கராஜ் ஒன்றுக்குப் பொடியை எடுத்துப் போனபோது பெயின்ட் பாஸ் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கேட்டுக்கு அடிக்கிறது. காருக்கு அடிக்க வேற இருக்கு" என்றார். சிரிக்கவில்லை. அதுவே பெரிய உதவி.

அவர் காட்டிய வேறு, கராஜ்களில் சர்ஃபேசர் என்று சொல்லும் சாம்பல் நிற நைட்ரோசெலுலோஸ் பிரைமர். மொடல் கொம்பனிகள் விற்பதற்கு மிக நெருங்கிய உறவு இதுவே: விரைவாகக் காயும், நுணுக்கமாகத் தேய்க்கலாம், மெல்லியதாக நிற்கும். ஆபத்து அதன் தின்னரில் இருக்கிறது. நிஜக் காரின் தகரத்துக்காகச் செய்த தின்னர் பொலிஸ்டைரீனைக் கரைக்கும் வல்லமை உள்ளது. ஈரமாக ஒரேயடியாக அடித்தால் பிளாஸ்டிக் சிலந்திவலைபோல் வெடிக்கும். தூரத்திலிருந்து, விழும்போதே பாதி காய்ந்துவிடும் அளவுக்குத் தூறலாக அடித்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி தூறலாக அடித்து, மூன்றாம் முறையில் மட்டும் சற்று ஈரமாக அடித்தால் அதே பொருள் அருமையாக நிற்கும். முதல் இரண்டு தூறலும் பின்னால் வருவதற்குத் தடுப்புச் சுவர்.

ஆனால் நேராகப் பொடியில் அடித்துப் பரிசோதிப்பது மடமை. அதற்குக் கண்டியில் மலிவான சோதனைச்சாலை ஒன்று உண்டு: யோகட் கோப்பை. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற இலக்கம் இருந்தால் அது பொலிஸ்டைரீன், அதாவது மொடலின் உடன்பிறப்பு. கழுவி, புதிதாக வாங்கிய எந்தப் பிரைமரையும் முதலில் அதில் அடித்துப் பார்க்கலாம். மறுநாள் வெடிப்போ நெளிவோ இல்லை, ஒட்டிய செலோடேப்பைச் சட்டென்று இழுத்தாலும் பூச்சு வரவில்லை என்றால் அந்த டின் தேறிவிட்டது. பையன் வீட்டில் ஒரு காலத்தில் பல நிறக் கோப்பைகள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக நின்றன. யோகட் யார் அதிகம் சாப்பிட்டார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது டின்னில் பிளாஸ்டிக் பிரைமர் என்றே எழுதியிருக்கும். மொடல் கட்டுபவர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதும் ஏமாறுவதும் இதில்தான். நிறமற்ற அந்தத் திரவம் கார் பம்பர்களுக்கானது. பம்பர்கள் பொலிபுரொப்பிலீன் என்ற, எந்தப் பெயின்டும் பிடிக்காத பிளாஸ்டிக்கில் செய்யப்படுபவை; அதில் பிடிமானம் ஏற்படுத்தும் பொருள் சைலீன், டொலுயீன் போன்ற கரைப்பான்களில் கரைக்கப்பட்டிருக்கும். பொலிஸ்டைரீனுக்கு அந்தத் தயவு தேவையில்லை; கரைப்பான் மட்டும் வேலையைக் காட்டும். நிறம் இல்லாததால் பிழைகளையும் அது காட்டாது. நான்காவதான எட்ச் பிரைமர், அமிலத்தால் உலோகத்தைக் கடித்துப் பிடிப்பது. மொடலில் உலோகத் தகட்டு உதிரிகள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் அது பொருத்தம்.

பின்னாளில் மொடலுக்கென்றே செய்த பிரைமர்களும் கைக்கு எட்டின. டமியாவின் நுண்பூச்சுப் பிரைமர் சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்பு, ஒக்சைட் சிவப்பு ஆகிய நிறங்களில் 180 மில்லிலீற்றர் ஸ்பிரே டின்னில் வருகிறது. கரைப்பான் அளவாக இருப்பதால் பிளாஸ்டிக்கைக் கெடுக்காமல் கவ்விப்பிடிக்கும். ஜப்பானின் இன்னொரு தயாரிப்பான மிஸ்டர் சர்ஃபேசருக்கு 500, 1000, 1200, 1500 என எண்கள் உண்டு. எண் குறையக் குறையத் தடிப்பு கூடும். 500 கீறலை நிரப்பும் பட்டிக்குத் தம்பி. 1500 பளபளக்கும் கார் நிறத்தின் கீழே போக ஏற்றது. தொடக்கக்காரர் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 1000 அல்லது 1200 சாம்பல். ஸ்பெயின் நாட்டு வயேஹோ கொம்பனியின் தண்ணீர்ப் பிரைமர் மணமற்றது, விறாந்தையிலும் அடிக்கலாம், பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. ஆனால் தேய்க்கும்போது தூளாகாமல் இரப்பர் போல் சுருண்டு உரியும். சிப்பாய் பொம்மைக்கு அது நல்லது. காரின் கூரையைக் கண்ணாடிபோல் தேய்க்க நினைப்பவருக்கு லாக்கர் வகையே மேல்.

எந்தப் பிரைமரானாலும் கண்டியில் அதற்கு மேல் ஓர் எசமான் உண்டு, அது ஈரம். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள், நடுவில் ஏரியும் ஓரத்தில் மகாவலியுமாக இருக்கிறது. லாக்கர் பிரைமரின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். 24 பாகை, 85 வீத ஈரப்பதம் உள்ள ஒரு மாலையில் காற்றிலுள்ள நீர் பனியாகப் படிய மேற்பரப்பு 3 பாகைக்குக் குறைவாகக் குளிர்ந்தாலே போதும். விரைந்து காயும் லாக்கர் அவ்வளவு குளிர்ச்சியை எளிதாக உண்டாக்கும். படிந்த நீர் பூச்சுக்குள் சிக்கிப் பால் போல் வெளுக்கும். அதே ஊரில் ஒரு பெப்ரவரி நண்பகலில் 27 பாகையும் 60 வீதமும் இருந்தால், எட்டுப் பாகை குளிர்ந்தால்தான் அது நடக்கும். டின்னும் கையும் அவையே, விளைவு மட்டும் வேறு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையே என்ற பழைய நேரக்கணக்கு இப்படித்தான் வந்தது. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை தவறாது வரும். அந்த மாதங்களில் காலைப் பொழுதைத் தவறவிட்டால் அன்றைக்குப் பெயின்ட் இல்லை.

வெளுத்த பூச்சைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பிரைமரில் வெளுப்பு வந்தால், வெயில் உள்ள நாளில் மெல்லிய தூறலாக மறுபடி அடித்தால் கரைப்பான் பழைய படலத்தைத் திறந்து உள்ளிருந்த நீரை வெளியே விடும். கராஜ் பாஸ்கள் மழைநாளில் தின்னரில் ரிட்டார்டர் சேர்ப்பார்கள். ஆவியாதல் மெதுவாகி, குளிர்ச்சி குறையும். ஸ்பிரே டின்னில் எதையும் சேர்க்க முடியாது. டின்னை 40 பாகை அளவுள்ள வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் துளி நுண்மையாகும். அடுப்பின் அருகே காட்டுவது வெடிகுண்டோடு விளையாடுவது.

காயவைக்க அந்த விறாந்தையில் பயன்பட்டது ஒரு பெரிய பிஸ்கட் டின். மூடியில் துளையிட்டு 25 வாட் பல்ப் ஒன்று தொங்கவிடப்பட்டது. வெளியே 24 பாகையும் 85 வீதமும் உள்ள காற்றை 34 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரையும் அகற்றாமலே அதன் ஈரப்பதம் 50 வீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அடித்த உடனே உள்ளே வைக்கக்கூடாது. கரைப்பானின் ஆவி சூடான பல்போடு சேர்ந்தால் தீ. அரை மணியாவது வெளியே விட்டு, மணம் குறைந்தபின் வைக்க வேண்டும். டின்னுக்குள் சூடு அளவுக்கு மீறினால் பொடி நெளியும். மின்வெட்டு வந்தால் பெயின்டும் காத்திருக்கும்.

பிரைமர் காய்ந்தபின் ஜன்னல் வெளிச்சத்தில் பொடியைச் சாய்த்துப் பார்ப்பதுதான் வேலையின் நடுப்பகுதி. தேய்த்துவிட்டதாக நினைத்த அச்சுக்கோடு கூரைத் தூணில் இன்னும் நிற்கும். பட்டி சுருங்கிப் பள்ளம் காட்டும். தூசி விழுந்த இடமும் தோடம்பழத் தோல்போல் சொரசொரத்த இடமும் தெரியும். பின்னது டின்னைத் தூரமாகப் பிடித்ததன் அடையாளம். வழிந்தோடிய கண்ணீர்த்துளி கிட்டப் பிடித்ததன் அடையாளம், அல்லது ஸ்பிரேயைப் பொடியின் மேலேயே தொடங்கி மேலேயே நிறுத்தியதன் அடையாளம். வெளியே தொடங்கி, பொடியைக் கடந்து, வெளியே நிறுத்த வேண்டும். 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம். வழிந்ததை ஈரத்தில் தொட்டால் கெடும். நன்றாகக் காயவிட்டு 1000ஆம் தாளால் சமப்படுத்தி, பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் மட்டும் மறுபடி தூறினால் போதும். இரண்டு மூன்று முறை இப்படிப் போய்வருவது சாதாரணம். ஒரே அடியில் முடிந்தது என்பவர் வெளிச்சத்தில் பார்க்காதவர்.

எல்லாம் கெட்டுப்போனால் முழுப் பூச்சையும் கழற்றலாம். தின்னரையோ நெயில் பொலிஷ் ரிமூவரையோ எடுக்கக்கூடாது. பெயின்டோடு பொடியும் கரையும். தண்ணீர்ப் பெயின்டுக்கு டெட்டோல் அற்புதமானது. கலக்காத டெட்டோலில் ஓரிரவு ஊறவிட்டு, தூரிகையால் டெட்டோலிலேயே தேய்த்து எடுத்த பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும். முதலில் தண்ணீர் பட்டால் இளகிய பெயின்ட் தாராகி எல்லாக் கோட்டுக்குள்ளும் அடைத்துக்கொள்ளும். எனாமலுக்கும் லாக்கருக்கும் கராஜ் மருந்து பிரேக் ஒயில், அதாவது டொட் 3 என்று போத்தலில் எழுதியது. சிலிக்கன் வகையான டொட் 5 ஒன்றும் செய்யாது. கையுறை கட்டாயம், மூடியுள்ள பாத்திரம் வேண்டும், சில மணிக்கொருமுறை பார்க்கவும் வேண்டும். நாட்கணக்கில் மறந்தால் சில பிளாஸ்டிக்குகள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ரெட் ஒக்சைட் பூசிய மைனர் இரண்டு நாளில் சுத்தமாக வெளியே வந்தது. ஒரு பக்கத்துக் கண்ணாடித் தூண் மட்டும் தூரிகையின் அழுத்தத்தில் உடைந்து, பிறகு ஒட்டப்பட்டது.

பிரைமரின் நிறத்தை மேலே வரும் நிறத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். சாம்பல் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். மஞ்சளும் சிவப்பும் அடர்த்தி குறைந்த நிறங்கள். சாம்பலின் மேல் அவை அழுக்காகத் தெரியும், எனவே வெள்ளையோ இளஞ்சிவப்போ கீழே வேண்டும். குரோம் போன்ற உலோகப் பளபளப்புக்குப் பளபளக்கும் கறுப்பு அடி தேவை. சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த மொடலுக்கு வெள்ளை அடிக்க நினைப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: லாக்கர் கரைப்பான் பிளாஸ்டிக்கின் சாயத்தை மேலே இழுத்து, சில நாளில் வெள்ளையை ரோசாவாக்கும். பிரைமருக்கும் வெள்ளைக்கும் இடையே ஒரு படலம் வெள்ளிப் பெயின்ட் அடித்தால் சாயம் அதைத் தாண்டாது. மொரிஸ் மைனருக்கு உரிய நிறங்களான ஓல்ட் இங்கிலிஷ் வெள்ளை, டிரஃபல்கர் நீலம், ஆல்மண்ட் பச்சை, கிளாரண்டன் சாம்பல் போன்றவை சாம்பல் பிரைமரோடு சண்டை பிடிக்காதவை. வெள்ளை மட்டும் வெள்ளைப் பிரைமரின் மேல் இன்னும் துலங்கும்.

கடைசி வேலை ஸ்டிக்கரும் நம்பர் பிளேட்டும். தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் பழைய தாள்கள் கண்டி ஈரத்தில் மஞ்சளாகும். வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்தால் மஞ்சள் வெளுக்கும். பழசு என்றால் முன்கூட்டியே தெளிவான வார்னிஷ் ஒரு படலம் அடித்துக் காயவிட வேண்டும், இல்லையேல் தண்ணீரில் துண்டு துண்டாகச் சிதறும். பெட்டியில் வந்த பிளேட்டோ பிரித்தானிய எண். கண்டித் தெருவில் ஓடும் காருக்கு அது பொருந்தாது. இலங்கையில் முன்பு ஆங்கில எழுத்துப் பிளேட்டுகள் இருந்தன. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. 1958இல் அந்த எழுத்தின் மேல் தார் பூசித் தமிழர் நடத்திய போராட்டத்தை வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. மேசைக்காரப் பையன் ஆங்கில எழுத்துப் பிளேட்டையே விரும்பினான். ஆனால் பெட்டியிலிருந்தது முன்கண்ணாடி ஒரே துண்டாக உள்ள மைனர் 1000. அது 1956இல்தான் வெளிவந்தது. கப்பலேறி இங்கே வந்து பதிவானவற்றில் பெரும்பாலானவை ஸ்ரீ வாங்கியிருக்கும். கறுப்பு அட்டையில் வெள்ளை மையால் மூன்று முறை எழுதிப் பிழைத்து, நான்காம் முறை ஒற்றை மயிர்த் தூரிகையால் அந்தச் சுழி எழுத்து வந்தது. ஓரங்களைக் கறுப்புப் பேனாவால் தடவி, கெமிபிக்ஸ் ஒரு பொட்டு வைத்துப் பம்பரின் மேல் ஒட்டப்பட்டது.